முதல் பாடம் ரிவர்ஸ்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் அவள் முன்னால் போகச் சொல்லித்தர மாட்டாள். பெல்ட்டைப் போடச் சொல்வாள், இருக்கையை நகர்த்தச் சொல்வாள், மூன்று கண்ணாடிகளிலும் என்னென்ன தெரிகிறது என்று கேட்பாள். எல்லாம் முடிந்து, வந்தவர் முகத்தில் ஒரு வீரக்களை ஏறும் நேரம் பார்த்து, "சரி, ரிவர்ஸ் போடுங்க" என்பாள்.

"ரிவர்ஸா? முன்னால போகத்தானே மேடம் வந்தேன்?"

"முன்னால போறதுக்கு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க பின்னால எடுங்க."

ஊர் அவளுக்கு ரிவர்ஸ் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டது. அவளுடைய அக்காவுக்கு அந்தப் பெயர் ஆரம்பத்தில் சுருக்கென்று தைத்தது. வாழ்க்கையில் பின்னால் போகிறவள் என்று சொல்வதைப் போல இருந்தது. டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில் போன் எடுப்பதும், யாருக்கு எந்த நேரம் என்று சொல்வதும், காலையில் காரைத் துடைப்பதும் அக்காவின் வேலை. துடைப்பது என்றால் ஒரு துணியை வீசிவிட்டுப் போவதல்ல. முதலில் உள் கண்ணாடி, அப்புறம் வலது, அப்புறம் இடது, கடைசியில் பின்பக்கக் கண்ணாடி; ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈரத்துணி, ஒரு உலர்ந்த துணி. உயரம் குறைந்தவர்களுக்காக வைத்திருக்கும் குஷனுக்கு வாரம் தவறாமல் உறை மாற்றுவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மெத்தைத் தொழிற்சாலையில் பஞ்சு அடைத்து, தங்கையைப் படிக்கவைத்தவள். அந்தத் தங்கை ஒரு பள்ளிக்கூடத்துக்கே சொந்தக்காரி என்பதை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். கண்ணாடியைத் துடைக்கிற துடைப்பில் அது தெரியும்.

ரிவர்ஸ் பாடம் எங்கிருந்து வந்தது என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இருபது வயதில் தங்கை அதே மெத்தைத் தொழிற்சாலையின் வேனை ஓட்டினாள். ஒரு நாள் வேன் நிறைய மெத்தையோடு குறுகலான சந்து ஒன்றில் நுழைந்தபோது எதிரே குப்பை லாரி வந்து நின்றது. அவளுக்கு முன்னால் போகத் தெரியும், திருப்பத் தெரியும், வேகமாகவும் போகத் தெரியும். பின்னால் எடுக்கத் தெரியாது. ஒருமுறை முயன்றாள், வேனின் வால் ஒரு வீட்டு மாடிப்படியில் போய் இடித்தது. இன்னொரு முறை முயன்றாள்; எதிர்வீட்டு ஜன்னல் நொறுங்கியது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "பொம்பளைப் பிள்ளைகிட்ட வேனைக் கொடுத்தா இப்படித்தான்" என்று ஒரு குரல். சிரிப்பு.

அப்போது குப்பை லாரி ஓட்டி வந்தவர் ஒன்றும் சொல்லாமல் பின்னால் எடுத்தார். அவ்வளவு பெரிய லாரி, அவ்வளவு நீளச் சந்து. நூல் பிடித்த மாதிரி பின்னால் போய், முனையில் ஒதுங்கி நின்று, வேன் கடக்கும்போது அவளைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. உடைந்த ஜன்னலை நினைத்து அழுகிறாள் என்று அக்கா நினைத்தாள்.

"விடுடி. ஜன்னலுக்கு நான் முதலாளிகிட்ட பேசிக்கறேன்."

"அது இல்லக்கா. அவ்வளவு தூரம் பின்னால போய், கையை வேற தூக்கிக் காட்டினாரே, அந்தாளு தோத்த மாதிரியே இல்லக்கா."

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் தொழிற்சாலை முற்றத்தில் கிழிந்த மெத்தைகளை வரிசையாக நிறுத்தி வைத்து, நடுவே வேனைப் பின்னால் எடுத்துப் பழகினாள். ஊரில் அவளைப் போல ரிவர்ஸ் எடுக்க ஆள் இல்லை என்று ஆன பிறகுதான் பழைய கார் ஒன்றை வாங்கி, இடப்பக்கத்து இருக்கையின் காலடியில் இரண்டாவது பிரேக்கைப் பொருத்தி, பள்ளியைத் தொடங்கினாள்.

அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவர் ஓட்டும்போது அடுத்து ஓட்டப்போகிறவர் பின்சீட்டில் இருக்க வேண்டும். சும்மா இருக்கக் கூடாது. ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தப்புவதை உரக்கச் சொல்ல வேண்டும். "இடப்பக்கம் சைக்கிள்!" ஓட்டுகிறவர் உடனே "பார்த்துட்டேன்!" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டீச்சரின் பிரேக் இறங்கும். அவளிடம் படித்தவர்களுக்கு இது எலும்புவரை ஊறிவிடும். உரிமம் வாங்கிப் பல வருஷம் ஆன ஆட்களும், சாலையைக் கடக்கும்போது, "வலப்பக்கம் பஸ்... பார்த்துட்டேன்" என்று தங்களுக்குத் தாங்களே முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். கடைத்தெருவில் யாராவது அப்படி முணுமுணுத்தால், "ஓ, நம்ம டீச்சர் சரக்கு" என்று அக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

*

ஊரை ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. இக்கரையில் தலைமுறைகளாக இருந்தவர்கள். அக்கரையில் ஆலை வேலைக்கு வந்து, பிள்ளை பெற்று, அங்கேயே வேர்விட்டவர்கள். நடுவே ஒற்றை வண்டி மட்டும் போகக்கூடிய பழைய இரும்புப் பாலம். இத்தனை காலமும் போனார்கள், வந்தார்கள், சண்டை போட்டார்கள், சம்பந்தமும் பண்ணிக்கொண்டார்கள். அந்த வருஷம் ஆலையில் ஆட்குறைப்பு வந்தது. யார் வேலை போவது என்பதில் பேச்சு தடித்தது. சந்தையில் ஒரு கல் பறந்து ஒரு பையனின் நெற்றி பிளந்தது. யார் எறிந்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் யார் எறிந்தது என்பதில் இரண்டு கரைக்கும் துளிகூடச் சந்தேகம் இல்லை.

இக்கரையில் ஒரு குழு முளைத்தது. அதற்குத் தலைவர் ஹார்டுவேர் கடைக்காரர். கதவுகளில் சிவப்பு நாடா ஏறியது. அக்கரைக் குழுவுக்கு ஒரு டெய்லர் தலைவர். அங்கே நீல நாடா. கொஞ்ச நாளில் வண்டிக் கண்ணாடிகளிலும் நாடா. எதையும் கட்டாத வீட்டுக்குப் பால் போடுகிறவன்கூட வாசலில் நின்று ஒரு நிமிஷம் யோசித்தான்.

ஒரு காலையில் ஹார்டுவேர்க்காரர் பள்ளிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டீச்சர், உங்க மேல ஊருக்கு மரியாதை இருக்கு. அதனாலதான் ஆள் அனுப்பாம நானே வந்தேன்."

"மரியாதை இருக்கட்டும். நீங்க கத்துக்க வந்தப்போ என் போர்டு கம்பத்தைச் சாய்ச்சீங்களே, அது இன்னும் சாஞ்சேதான் நிக்குது."

"அது பழைய கதை."

"கம்பத்துக்குத் தினமும் புதுசு."

உள்ளே அக்கா சிரிப்பை அடக்க இருமினாள். ஹார்டுவேர்க்காரர் சிரிக்கவில்லை.

"உங்க வண்டிக் கண்ணாடியில ஒரு சிவப்பு நாடா. அவ்வளவுதான் கேக்கறேன். அப்புறம், அக்கரை ஆளையும் நம்ம ஆளையும் ஒரே வண்டியில ஏத்தறீங்களே, அது வேண்டாம்."

"பின்சீட்டுல ஆள் இல்லாம என் பாடமே நடக்காதே."

"நம்ம ஆளையே உக்கார வைங்க."

"நம்ம ஆளு நம்ம ஆளு பாக்கற பக்கத்தையேதான் பாக்கறான். எதிர்ப்பக்கம் வர்ற சைக்கிளை யார் சொல்றது?"

"பேச்சை மாத்தாதீங்க. நியாயம் நம்ம பக்கம் இருக்கா இல்லையா?"

"இருக்கலாம். நியாயம் இருக்கறவன் வண்டிக்கும் ரிவர்ஸ் கியர் வேணும்ல?"

அவர் எழுந்துகொண்டார். "இந்த வாரம் பாப்போம். அப்புறம் இங்க யாரும் வரலேன்னா என் மேல வருத்தப்படாதீங்க."

அன்று மாலையே டெய்லரிடமிருந்து போன். எடுத்தது அக்கா.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? உங்க ஜாக்கெட் அளவு இன்னும் என்கிட்டதான் இருக்கு. ஒண்ணும் இல்ல, ஒரு நீல நாடா விஷயமா... கடையில வாங்க வேண்டாம். நானே ஓரம் மடிச்சுத் தைச்சு அனுப்பறேன். பிரியாது."

"பிரியாம இருக்கறதுதான் பயமா இருக்கு தம்பி" என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள்.

"ஏண்டி, கட்டினா என்ன? ஒரு முழத் துணி."

"துணிதான்க்கா. சிவப்பைக் கட்டினா அக்கரைக்காரங்க நம்ம வண்டியில ஏற மாட்டாங்க. நீலத்தைக் கட்டினா இக்கரைக்காரங்க ஏற மாட்டாங்க. பாதி ஊருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தா, மீதிப் பாதி எதிர்ல வரும்போது யார் ஒதுங்குவா?"

"ஊரைத் திருத்தறதுக்கா நாம ஸ்கூல் நடத்தறோம்?"

"வண்டி ஓட்டச் சொல்லித்தர நடத்தறோம். அதைச் சரியாச் சொல்லித்தர வேண்டாமா?"

இதற்குமேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்று அக்காவுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படி. மறுநாள் கடைத்தெருவில் அக்கா ஒரு சிவப்பு நாடா வாங்கினாள். அதற்கடுத்த நாள் அக்கரைக்கு நடந்துபோய் ஒரு நீல நாடா வாங்கினாள். இரண்டையும் சுருட்டி, தன் தோள்பையில் குஷன் உறைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எந்தக் கூட்டம் தங்கையின் கழுத்தைப் பிடித்தாலும் அந்த நிறத்தை எடுத்துக் கட்டிவிடுவது என்று தீர்மானம். மானம், கொள்கை எல்லாம் அப்புறம். தங்கை முழுசாக வீடு வந்து சேர வேண்டும்.

ஹார்டுவேர்க்காரர் சொன்னபடியே ஆட்கள் வருவது நின்றுபோனது. போன் அடிப்பது நின்றது. கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒருவர் இக்கரை பேக்கரிக்காரர். அவருடைய வேன் டிரைவர் வேலையை விட்டுப் போய்விட்டான். ரொட்டி ஆறுவதற்குள் கடைகளுக்குப் போயாக வேண்டும். இன்னொருத்தி அக்கரை நர்ஸ். இக்கரை ஆஸ்பத்திரியில் வேலை. பதற்றம் என்று சொல்லி மாலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இருவர் வீட்டுக் கதவிலும் நாடா உண்டு. ஆனால் நாடா ரொட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்காது, நர்ஸை வீட்டில் இறக்கியும் விடாது.

இருவரையும் ஒன்றாக ஏற்றிய முதல் நாள் காருக்குள் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பேக்கரிக்காரர் ஸ்டீயரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதைப் போலப் பிடித்திருந்தார்.

"இடப்பக்கம் சைக்கிள்" என்றாள் நர்ஸ்.

பதில் இல்லை.

"இடப்பக்கம் சைக்கிள்!"

டீச்சரின் பிரேக் இறங்கியது. பேக்கரிக்காரரின் மூக்கு ஸ்டீயரிங்குக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. சைக்கிளில் வந்தவன் திட்டிக்கொண்டே போனான்.

"ஏன் பதில் சொல்லல?"

"நானே பாத்துக்குவேன் மேடம். அவங்க சொல்லி நான்..."

"அவங்க சொன்னது சைக்கிளைப் பத்தி. சைக்கிள் எந்தக் கரைன்னு விசாரிச்சுட்டுத்தான் பிரேக் போடுவீங்களா?"

பேக்கரிக்காரர் காது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுவாரம் அவள் ஓட்ட, அவர் பின்னால். "வலப்பக்கம் நாய்" என்றார் அவர், ஏதோ கடனைத் தீர்ப்பவரைப் போல. "பார்த்துட்டேன்." "இடப்பக்கம் அதோட குட்டி." "அதையும் பார்த்துட்டேன்." அன்றைக்கு இறங்கும்போது, "நாய்க்குட்டியைச் சொல்ல வேண்டாம்னு நெனச்சேன், சின்னதுதானேன்னு" என்றார். "சின்னதுதான் தெரியாது" என்றாள் அவள். அப்படித்தான் அவர்கள் பேசத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவே இல்லை; பாடத்தை நிறுத்தி அதட்ட வேண்டியிருந்தது.

"இவங்க ரெண்டு பேரும் பாஸாகணும்" என்றாள் தங்கை ஒரு நாள், காரைப் பூட்டும்போது. "பாஸானா ஸ்கூல் தப்பிக்கும். இல்லேன்னா பூட்ட வேண்டியதுதான்க்கா. நாடா கட்டாத வண்டியில கத்துக்கிட்டா விளங்காதுன்னு ஊர் முடிவு பண்ணிடும்."

அக்கா சாவியை வாங்கி, கதவு பூட்டியிருக்கிறதா என்று தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

*

தேர்வு நடக்கும் மைதானம் அக்கரையில். தேர்வு நாளில் கற்றுக்கொள்கிறவரே காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது டீச்சரின் வழக்கம். அன்று பேக்கரிக்காரர் ஓட்டினார். பின்னால் நர்ஸும் அக்காவும், அக்காவின் மடியில் தோள்பை. அன்றைக்கு இக்கரைக் குழு வாகன ஊர்வலம் வைத்திருந்தது. அதைக் கேள்விப்பட்டு அக்கரையும் அதே காலையில் தன் ஊர்வலத்தை அறிவித்திருந்தது. கூட்டம் சேர்வதற்கு முன் போய்விடலாம் என்று சீக்கிரமே கிளம்பினார்கள்.

பாலத்தின் நடுவுக்கு வந்தபோது எதிர்முனையில் நீல நாடாவோடு ஒரு வேன் ஏறியது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று.

"நிறுத்துங்க. ரிவர்ஸ் எடுங்க. பதறாதீங்க" என்றாள் டீச்சர்.

"பின்னால லாரி" என்றாள் நர்ஸ்.

"பார்த்துட்டேன்" என்றார் பேக்கரிக்காரர், குரல் செத்துப்போய்.

பின்னால் சிவப்பு நாடாவோடு ஒரு குட்டி லாரி, திறந்த பின்தட்டு நிறைய இளைஞர்களோடு ஏறியிருந்தது. ஓட்டியவர் ஹார்டுவேர்க்காரர். முன்னால் வேனை ஓட்டி வந்தவர் டெய்லர். இரண்டு ஊர்வலங்களுக்கும் நடுவே, பம்பருக்குப் பம்பர் நெருக்கத்தில், எந்த நாடாவும் இல்லாத குட்டிக் கார்.

ஹாரன்கள் அலறின. இளைஞர்கள் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கையில் இரும்புத் தடி. எதிர்ப்பக்கம் யாரோ வேனின் கூரையைத் தட்டத் தொடங்கினார்கள். பாலம் காலடியில் அதிர்ந்தது. அக்காவின் கை தோள்பைக்குள் போனது. விரலில் நாடாச் சுருள் இரண்டும் தட்டுப்பட்டன. எது? முன்னால் நீலம், பின்னால் சிவப்பு. எதைக் கட்டினாலும் மற்றவன் கொன்றுவிடுவான். அவள் அத்தனை யோசித்து வைத்திருந்த திட்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது மட்டும் இல்லை.

தங்கை கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏய், உள்ள இருடி!"

"ஹேண்ட் பிரேக்கைப் பாத்துக்கோங்க" என்று பேக்கரிக்காரரிடம் சொல்லிவிட்டு அவள் காருக்குப் பின்னால் போய் நின்றாள். லாரியையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், உங்க வண்டியை எடுங்க!" என்று ஹார்டுவேர்க்காரர் ஜன்னல் வழியே கத்தினார்.

"எங்க எடுக்கறது? ஆத்துலயா?"

"அவங்களைப் பின்னால போகச் சொல்லுங்க!"

எதிர்ப்பக்கத்திலிருந்து டெய்லரும் கத்தினார். "அவர் முதல்ல எடுக்கட்டும்! அப்புறம் நான் யோசிக்கிறேன்!"

"நான் எடுக்கறதா? என் பிணம்தான் பின்னால போகும்!"

"பிணம் ரிவர்ஸ் எடுக்காதுங்க" என்றாள் டீச்சர். லாரியின் பின்தட்டில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அதைக் கேட்டு இன்னொருவன். "ரெண்டு பேரும் என்கிட்ட கத்துக்கிட்டவங்கதானே? முதல் பாடம் என்ன?"

லாரிக்குப் பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு பெண் குரல், பழக்க தோஷத்தில், "ரிவர்ஸ் மேடம்!" என்றது. அங்கங்கே சிரிப்பு வெடித்தது. நீல வரிசையிலிருந்தும் ஒரு குரல், "ரிவர்ஸ்!" அந்த வரிசையிலும் இந்த வரிசையிலும் ஸ்டீயரிங் பிடித்திருந்தவர்களில் பாதிப்பேர் அவளுடைய பிள்ளைகள்.

"யார் முதல்ல எடுக்கறதுன்னு சண்டையே வேண்டாம்" என்று அவள் குரலை உயர்த்தினாள். "முன்னால நிக்கிறவரால முதல்ல எடுக்கவே முடியாது. வாலுதான் முதல்ல நகரணும். தலைவருங்க ரெண்டு பேரும் கடைசி. ரெண்டு வாலும் ஒரே நேரத்துல. சம்மதமா?"

ஹார்டுவேர்க்காரர் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் ஹார்டுவேர்க்காரரைப் பார்த்தார். கடைசிவரை களத்தில் நிற்பது என்றால் அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

"லாரியில இருக்கறவங்க எல்லாரும் இறங்குங்க. தடியைக் கீழ போடு தம்பி, அதை வெச்சுக்கிட்டு எப்படிக் கைகாட்டுவ?"

வால்கள் நகரத் தொடங்கின. கடைசியில் நின்ற பைக்குகள் திரும்பிப் போயின. பிறகு கார்கள், ஒவ்வொன்றாக. பாலம் நெடுக அக்காவுக்குப் பழகிய அந்தச் சத்தம் எழுந்தது. "பின்னால கம்பி!" "பார்த்துட்டேன்!" "இடப்பக்கம் இன்னும் கொஞ்சம்!" "பார்த்துட்டேன்!" எது நீலக் குரல், எது சிவப்புக் குரல் என்று பிரிக்க முடியாமல் ஆற்றின் மேல் அது கலந்து போனது.

குட்டி லாரியின் முறை வந்தது. அதற்குப் பின்னால், போன மழைக்காலத்தில் எதுவோ மோதி உடைத்த இடத்தில், கைப்பிடிக் கம்பி ஒரு வண்டி அகலத்துக்கு இல்லை. கீழே ஆறு. கம்பத்தைச் சாய்த்தவர் லாரியைப் பின்னால் எடுக்க வேண்டும். இறங்கி நின்ற இளைஞர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். "லெஃப்ட்டு!" "ரைட்டு அண்ணே, ரைட்டு!" "நில்லுங்க!" "வாங்க வாங்க!"

"எல்லாரும் வாயை மூடுங்க. ஒரே குரல்தான்" என்றாள் டீச்சர். அவளே போகலாம் என்றால், எதிர்ப்பக்கம் டெய்லர் கண்ணாடியைப் பார்க்காமல் கியரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படிக்கும் காலத்திலிருந்தே அப்படித்தான். அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ஏற்கெனவே கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

அக்காவும் இறங்கினாள். உடைந்த இடத்தைப் பார்த்தாள். காலை வெயிலில் கம்பி எங்கே முடிகிறது, வெறுங்காற்று எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தில் நிற்பவளுக்கே தெரியவில்லை. கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? தோள்பையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து உடைந்த கம்பியின் ஒரு நுனியில் கட்டினாள். மறுநுனியில் நீலத்தைக் கட்டினாள். நன்றாக இழுத்து, இரட்டை முடிச்சாக. அவள் கட்டினால் அவிழாது.

"அண்ணே, நாடாவைப் பாத்துக்குங்க. அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல!" என்றாள் நர்ஸ், லாரியின் பின்பக்கம் போய் நின்று. அவள் வார்டில் பேசுகிற குரல் அது. "மெதுவா வாங்க. வலப்பக்கம் நாடா!"

லாரி அசையவில்லை. ஹார்டுவேர்க்காரர் கண்ணாடியில் நர்ஸின் முகத்தைப் பார்த்தார். அக்கரை முகம். அவர் மோவாய் இறுகியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலப்பக்கம் நாடா" என்றாள் அவள் மறுபடி, கொஞ்சமும் குரலை மாற்றாமல்.

"பார்த்துட்டேன்" என்றார் ஹார்டுவேர்க்காரர்.

லாரி பின்னால் வந்தது. நாடாவுக்குப் பக்கத்தில் சக்கரம் வந்தபோது இளைஞர்கள் மூச்சைப் பிடித்தார்கள். "நில்லுங்க. இப்ப இடப்பக்கம் ஒடிங்க. இன்னும். இன்னும். போதும், வாங்க." "பார்த்துட்டேன். பார்த்துட்டேன்மா." சக்கரம் நாடாவைத் தாண்டியது. லாரி கரை சேர்ந்தது. யார் முதலில் கைதட்டியது என்று தெரியவில்லை, ஆனால் இரும்புத் தடி வைத்திருந்தவன்தான் பலமாகத் தட்டினான்.

நர்ஸ் காரை நோக்கி நடந்தபோது ஹார்டுவேர்க்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏம்மா, உனக்கு நல்ல குரல்மா."

"வீட்ல யாரும் இந்தக் குரலைக் கேக்கறதில்லண்ணே. நீங்களாவது கேட்டீங்களே."

எதிர்ப்பக்கம் டெய்லரும் அதற்குள் கரையேறியிருந்தார். டீச்சர் அவர் ஜன்னலில் ஒரு கையை வைத்து, அவர் குனியும் ஒவ்வொரு தடவையும், "கியர் ஓடிப்போகாது, கண்ணாடியைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே முழு தூரமும் நடந்து போயிருந்தாள். இப்போது பாலம் முழுவதும் காலி. நடுவே கார் மட்டும், அதில் பேக்கரிக்காரர், பின்னால் இரண்டு பெண்கள். இடப்பக்கத்து இருக்கை காலி. அங்கே பிரேக்கை மிதிக்க யாரும் இல்லை.

அக்கரை முனையிலிருந்து டீச்சர் கைகாட்டினாள். "நீங்களே கொண்டு வாங்க!"

"நான் மட்டுமா?" என்று பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பின்னால நாங்க இருக்கோம்ல" என்றாள் நர்ஸ். "போங்க. முன்னால ஒண்ணும் இல்ல."

"பார்த்துட்டேன்" என்றார் அவர். கார் நகர்ந்தது, ஒரு குலுக்கல்கூட இல்லாமல். இரண்டு கரையிலும் ஹாரன்கள் ஒலித்தன. இந்தத் தடவை அது வேறு சத்தம். கல்யாண ஊர்வலத்துச் சத்தம். பாலம் முடியும் இடத்தில் டெய்லரின் வேன் ஒதுங்கி நின்றது. கார் அதைக் கடந்தபோது டெய்லர் ஜன்னலிலிருந்து ஒரு கையை உயர்த்தினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பல வருஷத்துக்கு முன்னால் தங்கை சாப்பிடாமல் உட்கார்ந்து சொன்ன கை இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இந்த ஆளும் தோற்ற மாதிரி இல்லை.

*

பேக்கரிக்காரர் பாஸ். நர்ஸும் பாஸ். தேர்வு அதிகாரி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னபோது பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரிக்கு ஏன் என்று புரியவில்லை.

ஆலைப் பிரச்சனை அதோடு தீர்ந்துவிடவில்லை. அதற்குக் கூட்டம் மேல் கூட்டம் நடந்தது, கத்தினார்கள், வெளிநடப்புச் செய்தார்கள், மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் வந்து உட்கார்ந்தார்கள். கதவு நாடாக்கள் வெயிலில் வெளுத்து, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. புதிதாகக் கட்ட யாருக்கும் கை வரவில்லை. பாலத்தின் உடைந்த கம்பியில் மட்டும் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. பழுது பார்க்கும்வரை அவற்றை அவிழ்க்கக் கூடாது என்று இரண்டு கரையிலும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

தேர்வுக்கு மறுவாரம் பள்ளி வாசலில் சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். ஹார்டுவேர்க்காரர் தன் கடையிலிருந்து சிமெண்டும் மண்வெட்டியும் கொண்டுவந்து, சாய்ந்த கம்பத்தைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார். ஓரமாக அவருடைய மகள் கைகட்டி நின்றாள்.

"என்ன அண்ணே, ஒரு தகவல்கூடச் சொல்லாம?"

"கம்பத்துக்குத் தினமும் புதுசுன்னு டீச்சர் சொன்னாங்க. ராத்திரி தூக்கம் வரல. அப்புறம் இவளைச் சேக்கணும்."

தங்கை வாசலுக்கு வந்தாள். "பின்சீட்டுல யார் வேணா இருப்பாங்க. தெரியும்ல?"

"யாரா இருந்தா என்ன? சத்தமாச் சொல்றவங்களா இருந்தா சரி." கம்பத்தைக் கண்ணால் அளந்து நிமிர்த்தினார். "நேரா இருக்கா?"

"இடப்பக்கம் கொஞ்சம்" என்றாள் அக்கா.

"பார்த்துட்டேன்."

உள்ளே போன் அடித்தது. அதை வைப்பதற்குள் இன்னொன்று. மாலைக்குள் அக்காவுக்குக் குரல் கம்மிவிட்டது. வாரம் முழுக்க ஒரு மணி நேரம்கூடக் காலி இல்லை. விளக்கணைக்கும் நேரத்தில் தங்கை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு வாரமா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு அந்த நாடா எங்கிருந்து வந்துச்சு?"

"பையில இருந்துச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

"அடிப்பாவி!" என்று தங்கை சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, பெஞ்சிலிருந்து விழாமல் இருக்கக் கையை ஊன்றிக்கொண்டாள்.

"சிரிடி, சிரி" என்றாள் அக்கா. "நாளைக்கு விடிஞ்சதும் டெய்லர் மகன் வர்றான், ஹார்டுவேர் பொண்ணோட ஜோடியா. போய்த் தூங்கு." ஈரத்துணியையும் உலர்ந்த துணியையும் எடுத்துக்கொண்டு, காலையில் துடைத்த கண்ணாடிகளை இன்னொரு தடவை துடைக்க அவள் காருக்குப் போனாள்.